வீட்டுத் தோட்டம்: அசேலியாவுக்கு வேண்டிய மண்ணும் நீரும்

இப்பகுதிக்கு வரும் கடிதங்களுள் பெரும்பாலானவை கறிவேப்பிலை, துளசி, மல்லிகை ஆகிய மூன்றைப் பற்றியே இருக்கும். ஊரை விட்டு வந்த நம்மவர் வாசலில் இம்மூன்றும் இல்லாதிருப்பது அரிது. இம்மாதமோ மூன்று நேயர்கள், மூன்று ஊர்களிலிருந்து, ஒருவரையொருவர் அறியாமலே, ஒரே செடியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அச்செடி அசேலியா.

முதற் கடிதம் தில்லியிலிருந்து ஒரு சகோதரி எழுதியது. அவர் கணவருக்குக் காலிம்போங்கிலிருந்து தில்லிக்கு மாற்றலாயிற்று. புறப்படும்போது, அண்டை வீட்டு நேபாளிப் பாட்டியார் தம் கையால் பதியன் போட்டுக் கொடுத்திருந்த அசேலியாவையும் தொட்டியோடு கொண்டு வந்துவிட்டார். இப்போது அதன் தளிர்கள் மஞ்சளாக வெளுக்கின்றன. எலும்புத் தூள் இட்டார், முட்டை ஓடு பொடித்துப் போட்டார், பலனில்லை. "பிழைக்கும் என்றால் வழி சொல்லுங்கள். பிழைக்காது என்றால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறார்.

இரண்டாவது கடிதம் ஷில்லாங்கிலிருந்து வந்தது. அங்கே ஓர் அன்பரின் வீட்டு முற்றத்தில் செடி ஆளுயரம் வளர்ந்திருக்கிறது. ஆனால் ஆண்டுதோறும் மொட்டுக்கள் பாதிக்கு மேல் விரியாமலே உதிர்ந்து விடுகின்றன. மூன்றாவது, மும்பையில் குடியிருக்கும் இளந் தம்பதிகள் எழுதியது. ஜனவரி மாதம் பூத்துக் குலுங்கிய தொட்டி ஒன்றை வாங்கி, கூடத்தில் வைத்திருக்கிறார்கள். பூ முடிந்துவிட்டது; அடுத்த ஆண்டும் பூக்க என்ன செய்வது என்று கேட்கிறார்கள். கடிதத்தின் ஓரத்தில், "வீட்டில் தவழும் குழந்தை உண்டு" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரிக்குத் தனியே விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் சிலிகுரியில் குடியிருப்பவன். ரயில்வேக் குமாஸ்தா வேலை நிமித்தமாக அவ்வப்போது மலைக்குச் சென்று வருகிறேன். கர்சியாங்கிலும் டார்ஜீலிங்கிலும் இருப்புப் பாதை வீட்டுத் திண்ணைகளை உரசிக்கொண்டு செல்கிறது. அத்திண்ணைகளில், பழைய எண்ணெய்த் தகரங்களில்கூட, அசேலியா கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்கும். அதே செடியைக் கீழே சிலிகுரிக்குக் கொண்டு வந்தால் இரண்டாம் கோடையைக் காண்பது அருமை. மலையில் தகரத்தில் வாழும் செடி சமவெளியில் அழகிய தொட்டியிலும் வாழாததன் காரணத்தை அறிந்துகொண்டால், மூன்று கடிதங்களுக்கும் விடை கிடைத்துவிடும்.

பெயரும் குலமும்

அசேலியா, ரோடோடென்ட்ரான் என்னும் பெருங்குலத்தைச் சேர்ந்த புதர்ச் செடி. 1753-ல் லின்னேயஸ் இவ்விரண்டையும் வெவ்வேறு குலங்களாக எழுதி வைத்தார். 1834-ல் ஜார்ஜ் டான் என்ற தாவர நூலார் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தார். தாவர நூல் இன்றும் அதையே ஏற்கிறது. தோட்டக்காரர்கள் மட்டும் பழைய பெயரை விடவில்லை. பெரும்பாலான அசேலியாப் பூக்களில் ஐந்து மகரந்தக் கேசரங்கள் இருக்கும். மற்ற ரோடோடென்ட்ரான்களில் பெரும்பாலும் பத்தோ அதற்கு மேலோ இருக்கும்.

நாற்றங்கால்களில் இதை 'இந்திய அசேலியா' என்று விற்பார்கள். அப்பெயர் பொருத்தமற்றது. அக்காலத்து ஐரோப்பியர் கிழக்கிலிருந்து வந்த பல பொருள்களுக்கும் 'இந்திய' என்ற அடைமொழியைச் சூட்டிவிட்டனர். தொட்டிகளில் நாம் காணும் வகைகளின் மூதாதைகள் சீனத்துக்கும் ஜப்பானுக்கும் உரியவை. அவற்றைப் பெல்ஜியத்தின் கென்ட் நகரத்துத் தோட்டக்காரர்கள் கலப்பினமாக்கி, குளிர்காலத்தில் வீட்டினுள் பூக்கும் தொட்டிச் செடிகளாகப் பெருக்கினார்கள். ஜப்பானியரோ இதற்கு வெகு முன்பே இச்செடியில் தேர்ந்தவர்கள். 1692-லேயே இத்தோ இஹெய் என்ற தோட்டக்காரர் அசேலியா வகைகளைப் பற்றி ஐந்து தொகுதிகள் கொண்ட நூலை வெளியிட்டார்.

எனினும் இக்குலம் நமக்கு அந்நியமன்று. இமயத்தின் கிழக்குப் பகுதி ரோடோடென்ட்ரான்களுக்குத் தாய்வீடு. 1848-ல் டார்ஜீலிங் வந்து, சிக்கிம் மலைகளில் அலைந்து அவற்றைத் திரட்டிய ஜோசப் ஹூக்கர், 1849 முதல் 1851 வரை வண்ணப் படங்களுடன் அவற்றைப் பற்றிய நூலை வெளியிட்டார். நேபாளத்தின் தேசிய மலரான லாலிகுராஸும், உத்தராகண்டின் மாநில மரமான புராஞ்சும் இக்குலத்தவையே. நம் நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைக் காடுகளின் ஓரத்தில் செந்நிறப் பூவுடன் நிற்கும் காட்டுப் பூவரசும் இதே குலம். உதகையில் குளிர்காலத்தைக் கழித்தவர்கள் அதைக் கண்டிருப்பார்கள். அவை நின்று வளரும் இடங்களை நினைத்துப் பாருங்கள்: குளிர்ந்த காற்று, மூடுபனி, சரிந்த நிலம், இலை மக்கிக் கறுத்த மண். அசேலியாவின் தேவைகள் அனைத்தும் இதில் அடங்கிவிட்டன.

வேரைப் பற்றி

அசேலியாவின் வேர் தலைமயிர் போல மெல்லியது. ஆழமாக இறங்காது, மேல் மண்ணிலேயே, பெரும்பாலும் அரை அடிக்குள், பாய் விரித்தாற்போல் படர்ந்து நிற்கும். மற்றச் செடிகளின் வேரில் காணும் நுண்ணிய வேர்த்தூவிகள் இதற்கு இல்லை. அந்தக் குறையை வேருக்குள் குடிபுகுந்து வாழும் ஒருவகைப் பூஞ்சை நிறைவு செய்கிறது. மக்கிய இலைகளிலிருந்து சத்தை எடுத்துத் தருவது அதுவே.

இதிலிருந்து மூன்று விதிகள் பெறப்படும். செடியைச் சுற்றிக் களைக்கொத்தால் கொத்தக் கூடாது. கொத்தினால் வேர் அறும். ஆழமாக நடக் கூடாது. நட்டால் வேர் மூச்சு முட்டி அழுகும். வேர் ஒரு நாளும் காய்ந்து போகவிடக் கூடாது. மற்றச் செடி வாடிப் பின் தெளியும், இதன் வேர் ஒருமுறை கருகினால் அப்பகுதி மீள்வதில்லை. 'அசேலியா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'வறண்டது' என்று பொருள். பெயரை நம்பி நீரைக் குறைத்து விடாதீர்கள்.

மண்

அசேலியாவுக்குப் புளிப்பு மண் வேண்டும். மண்ணின் புளிப்பையும் காரத்தையும் பி.எச். என்ற அளவால் குறிப்பார்கள். 7 என்பது நடுநிலை; அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இச்செடிக்கு 4.5 முதல் 6 வரை ஏற்றது. ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கைக் குறிப்பதால், 7 உள்ள மண்ணைவிட 5 உள்ள மண் நூறு மடங்கு புளிப்புடையது. 7-க்கும் 5-க்கும் உள்ள வேற்றுமை சிறிதென்று எண்ண வேண்டாம்.

மண் காரமாகும்போது அதிலுள்ள இரும்புச் சத்து கரையாத உருவை அடைகிறது. மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதை எடுக்க இயலாது. இரும்பின்றிப் பச்சையம் உண்டாகாது. அப்போது இளந்தளிர்கள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். தில்லிச் சகோதரியின் செடிக்கு வந்திருப்பது இதுவே. எலும்புத் தூளும் முட்டை ஓடும் சுண்ணாம்புச் சத்து மிக்கவை. ரோஜாவுக்கும் தக்காளிக்கும் நல்லவை. அசேலியாவின் மண்ணில் அவை நோயை மிகுதிப்படுத்தும். விறகுச் சாம்பலும் அப்படியே.

நம் வீடுகளில் சுண்ணாம்பு வேறு வழிகளிலும் வந்து சேரும். தொட்டியின் விளிம்புக்கு வெள்ளையடிப்பது ஒரு வழி. ரயில் நிலையத் தோட்டங்களில் பாத்தியைச் சுற்றி வெள்ளையடித்த செங்கற்களை வரிசையாக நிறுத்துவோம். பார்வைக்கு அழகுதான், ஆனால் மழை பெய்தால் அச்சுண்ணாம்பு பாத்தியில் இறங்கும். புது வீட்டுச் சுவரோரத்தில் சிமெண்டுக் காரை உதிர்ந்து மண்ணில் கலந்திருக்கும். சுண்ணாம்புக்கல் பொடி கலந்த கோலமாவைக் கழுவிவிடும் நீர் தொட்டிக்குள் பாயும். அசேலியாவை இவை எல்லாவற்றுக்கும் எட்டி வையுங்கள்.

உங்கள் ஊர் மண் ஏற்றதா என்று அறிய இரண்டு இயற்கை அடையாளங்கள் உண்டு. தேயிலை செழிக்கும் மண்ணில் அசேலியாவும் செழிக்கும். இரண்டும் புளிப்பு மண்ணை நாடுபவை. மற்றொன்று ஹைட்ரேஞ்சியா என்னும் பூஞ்செடி. அதில் பல வகைகள் புளிப்பு மண்ணில் நீலமாகவும், சுண்ணாம்பு மண்ணில் இளஞ்சிவப்பாகவும் பூக்கும். அண்டை வீட்டில் அது நீலமாகப் பூத்தால், நீங்கள் தைரியமாக அசேலியா நடலாம்.

தொட்டிக் கலவை பின்வருமாறு. நன்கு மக்கிய இலைமண் இரண்டு பங்கு, தென்னை நார்த்தூள் இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு. பைன் மர ஊசியிலை கிடைக்கும் ஊரில் மக்கிய ஊசியிலையை ஒரு பங்கு சேர்க்கலாம். நார்த்தூள் நம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கட்டி கட்டியாக நாடெங்கும் செல்கிறது. எந்த நகரத்து விதைக் கடையிலும் கிடைக்கும். அதில் உப்பு இருப்பதுண்டு. ஆதலால் ஊறவைத்து, மூன்று நான்கு முறை நல்ல நீரில் அலசிப் பிழிந்த பின்னரே சேர்க்க வேண்டும். களிமண்ணும் செம்மண்ணும் தொட்டிக்கு வேண்டாம். தொட்டி ஆழமாக இருப்பதைக் காட்டிலும் அகலமாக இருப்பது நன்று. அடியில் வடிகால் துளை அவசியம்.

தேநீர்ச் சக்கையைப் போடலாமா என்று பலர் கேட்பதுண்டு. பாலும் சர்க்கரையும் போகக் கழுவி, மக்க வைத்துப் போடுவதில் கேடில்லை. அப்படியே கொட்டினால் எறும்பும் பூஞ்சணமும் சேரும். சக்கையினால் மட்டும் மண் புளித்துவிடும் என்று நம்பியிராதீர்கள்.

நீர்

மண்ணைப் பார்த்துப் பார்த்துக் கலந்தவர்களும் நீரில் கோட்டை விடுகிறார்கள். நகரங்களில் நிலத்தடியிலிருந்து எடுக்கும் நீர் பல இடங்களில் கடினநீர். சுண்ணாம்புச் சத்து கரைந்தது. அதை நாள்தோறும் ஊற்றினால், எத்தனை நல்ல கலவையும் ஓரிரு ஆண்டில் காரமாகிவிடும். உங்கள் நீர் எத்தகையது என்பதை வெந்நீர்ப் பாத்திரத்தைக் கேளுங்கள். அடியில் வெண்மையான ஏடு படிந்தால் அது கடினநீர்.

மழைநீரே தலைசிறந்தது. மாடியில் ஒரு பீப்பாயை மூடி போட்டு வைத்தால் பருவமழையில் நிரம்பிவிடும். மழையில்லாத மாதங்களில், குளிர்சாதன இயந்திரத்திலிருந்து சொட்டும் நீர் உதவும். அதில் சுண்ணாம்பு இல்லை. நீர் வடிகட்டும் ஆர்.ஓ. இயந்திரம் உள்ள வீடுகளில் ஓர் எச்சரிக்கை. குடிப்பதற்கென்று வரும் நீர் செடிக்கு ஏற்றது. கழிவாக வெளியேறும் நீரிலோ உப்பெல்லாம் திரண்டிருக்கும். வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் அதைச் செடிகளுக்கு ஊற்றுகிறோம். தரை கழுவ அது ஆகும், அசேலியாவுக்கு ஆகாது. மும்பை நேயர்களுக்கு இவ்விஷயத்தில் கவலை குறைவு. ஏரிகளிலிருந்து வரும் அவர்கள் மாநகராட்சி நீர் மென்னீர். ஓர் இரவு திறந்து வைத்து ஊற்றினால் போதும்.

எவ்வளவு ஊற்றுவது? மேல் மண்ணை விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரம் குறையத் தொடங்கும்போது, அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். தட்டில் தேங்கிய நீரை அரைமணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். தொட்டி ஒருமுறை முற்றும் காய்ந்துவிட்டால் நார்த்தூளும் இலைமண்ணும் நீரை ஏற்காது. ஊற்றுவது ஓரமாக வழிந்து ஓடிவிடும். அப்போது தொட்டியை ஒரு வாளி நீரில் அமிழ்த்தி, குமிழி வருவது நின்ற பின் எடுத்து வடியவிட வேண்டும்.

வெளியில் நடுவோர்க்கு

ஷில்லாங், டார்ஜீலிங், காலிம்போங், சிம்லா, உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் உள்ளவர்கள் தரையிலேயே நடலாம். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் உள்ள இடம் வேண்டும். பெரிய மரத்தின் விரவிய நிழல் மிக நன்று. பருவமழையின் தொடக்கம் நடுவதற்கு ஏற்ற காலம். குழி, வேர்க்கட்டியைப் போல இருமடங்கு அகலமாக இருக்கட்டும். ஆழம் வேர்க்கட்டியின் அளவுக்கு மேல் வேண்டாம். வேர்க்கட்டியின் மேற்புறம் தரைமட்டத்துக்கு ஓர் அங்குலம் உயர்ந்தே நிற்க வேண்டும். மழைநீர் தேங்கும் இடமானால் மேட்டுப் பாத்தி அமையுங்கள்.

நட்ட பின், ஊசியிலையையோ மக்கிய இலையையோ இரண்டு மூன்று அங்குல கனத்துக்குப் பரப்புங்கள். தண்டைச் சுற்றி நான்கு விரற்கிடை விட்டுவிடுங்கள். இந்த மூடாக்கு வேரைக் குளிரச் செய்யும், களையை அடக்கும், மெல்ல மக்கி உணவும் ஆகும்.

இனி ஷில்லாங் அன்பரின் மொட்டுக்கு வருவோம். பெருமழைக்குப் பேர்போன அம்மலையில் செடிக்கு நீர் ஊற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. ஆனால் நவம்பர் முதல் மார்ச் வரை அங்கு மழை மிகக் குறைவு. மொட்டு பருக்கும் காலமும் அதுவே. மேலே பரந்த வேர் அப்போது காய்ந்தால், செடி தன்னைக் காத்துக்கொள்ள முதலில் உதிர்ப்பது மொட்டைத்தான். குளிர்காலத்தில் வாரம் இருமுறை நன்றாக நனையும்படி ஊற்றி, மூடாக்கைத் தடிப்பாக்கிப் பாருங்கள். கத்தரிப்பையும் எண்ணிப் பாருங்கள். பூ முடிந்த ஒரு மாதத்துக்குள் கத்தரிக்க வேண்டும். ஜூனுக்குப் பின் கத்தரி படக் கூடாது. மழைக்காலத்தில் வளரும் கிளையின் நுனியிலேயே அடுத்த ஆண்டின் மொட்டு உருவாகிவிடும். தீபாவளிக்கு வீட்டை ஒழுங்கு செய்யும்போது செடியையும் ஒழுங்கு செய்தால், வரப்போகும் பூவையே வெட்டி எறிகிறோம்.

வீட்டினுள் வைப்போர்க்கு

வாங்கும்போது முழுதும் மலர்ந்த செடியை நாடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு மட்டும் நிறம் காட்டி, ஏனையவை மொட்டாக இருப்பதே நீடிக்கும். இலை கரும்பச்சையாக இருக்க வேண்டும். தொட்டியைத் தூக்கினால் கனக்க வேண்டும். இலேசாக இருந்தால் வேர் காய்ந்திருக்கிறது என்று பொருள்.

வீட்டில், கிழக்குச் சன்னலோரம் போன்ற வெளிச்சமான, குளிர்ந்த இடம் தேடுங்கள். பதினைந்து பதினெட்டு டிகிரி வெப்பத்தில் பூ வாரக்கணக்கில் நிற்கும். இருபத்தைந்துக்கு மேல் சில நாட்களில் வாடும். குளிர்சாதனக் காற்றும், மின்கணப்பின் அனலும், மின்விசிறியின் நேர்க்காற்றும் ஆகா. மொட்டுள்ள செடியை இடம் மாற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. பூவின்மீது நீர் தெளிக்கக் கூடாது. தெளித்தால் இதழ் பழுப்பாகி அழுகும். வாடிய பூக்களை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள்.

பூ முடிந்ததும் நுனிகளை இலேசாகக் கத்தரித்து, தொட்டியை நிழலான பால்கனிக்கு மாற்றுங்கள். புதுத் தளிர் வரும் காலத்தில் மாதம் இருமுறை, ஒரு லிட்டர் நீருக்கு ஒரு கிராம் அம்மோனியம் சல்பேட் கரைத்து, ஈர மண்ணில் ஊற்றலாம். அது மண்ணின் புளிப்பையும் காக்கும். கை தாராளம் இங்கே கூடாது. மிஞ்சினால் மெல்லிய வேர் கருகும். பூக்கும்போது உரம் வேண்டாம்.

இனி மும்பை நேயர்களின் கேள்வி. கோடையில் உருவான மொட்டு உறங்கும். அவ்வுறக்கம் கலைய, பத்து டிகிரிக்குக் கீழ்ப்பட்ட குளிர் சுமார் ஆறு வாரமாவது வேண்டும். மும்பையின் ஜனவரி இரவு சராசரியாகப் பதினேழு டிகிரி. சென்னையிலும் கொல்கத்தாவிலும் நிலைமை பெரிதும் வேறன்று. ஆகவே அங்கெல்லாம் இச்செடியைக் குளிர்காலத்து விருந்தினராகக் கருதுவதே முறை. பூவைக் கண்டு மகிழுங்கள். முடிந்ததும், மலைக்குச் செல்லும் நண்பர் எவரேனும் இருந்தால் கொடுத்தனுப்புங்கள். ஆண்டு முழுதும் பூவேண்டின் செம்பருத்தியும் இட்லிப்பூவும் உங்கள் பால்கனியில் குறைவின்றிப் பூக்கும்.

குழந்தையுள்ள வீடுகளுக்கு

இதைச் சற்று நிறுத்திப் படிக்க வேண்டுகிறேன். அசேலியாவின் இலை, பூ, தேன் யாவும் நச்சுடையவை. கிரேயனோடாக்சின் என்னும் நஞ்சு அவற்றில் உள்ளது. உட்கொண்டால் வாயில் நீர் ஊறும், வாந்தி வரும். மிகுதியானால் நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் இறங்கும். ஆடு, மாடு, நாய், பூனைகளுக்கும் இது ஆகாது. தவழும் குழந்தை தரையில் உதிர்ந்த பூவை வாயில் போடுவது இயல்பு. ஆகையால் தொட்டியை உயரமான இடத்தில் வைத்து, உதிர்ந்ததை உடனுக்குடன் பெருக்கிவிடுங்கள். குழந்தை தின்றுவிட்டதாக ஐயம் தோன்றினாலே, வாயைத் துடைத்து, செடியின் ஒரு சிறு கிளையுடன் மருத்துவரிடம் செல்லுங்கள். வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு காலம் கடத்த வேண்டாம்.

உத்தராகண்டிலும் இமாசலத்திலும் புராஞ்சுப் பூவில் சர்பத் செய்து குடிக்கிறார்களே என்று சிலர் கேட்கலாம். அது அம்மக்கள் தலைமுறைகளாக அறிந்த ஒரு குறிப்பிட்ட மரத்தின் பூ. அதைச் சாக்காகக் கொண்டு அசேலியாப் பூவை எவரும் சமையலறைக்குள் கொண்டுவர வேண்டாம்.

நோய்கள் சில

வறண்ட வெப்பத்தில் இலையின் அடிப்புறத்தில் செஞ்சிலந்திப் பேன் பற்றும். இலை சாம்பல் பூத்தாற்போல் மங்கும். இலையின் அடிப்புறத்தை நீரால் பீய்ச்சிக் கழுவினால் அடங்கும். மழைக்காலத்தில் சில இலைகள் வெளிறித் தடித்து உப்பும். அது ஒரு பூஞ்சை நோய். மேலே வெண்பொடி படியுமுன் கிள்ளி அப்புறப்படுத்திவிட்டால் போதும். ஈரம் இருந்தும் செடி வாடினால் வேர் அழுகுகிறது. நீர் தேங்குவதே காரணம். அந்நிலையில் மேலும் நீர் ஊற்றுவது கூடாது.

தில்லிச் சகோதரிக்கு

தங்கள் கேள்விக்கு நேரான விடை இது. செடி இப்போது சாகவில்லை, வெளுப்பைத் தீர்க்கலாம். தொட்டியிலிருந்து எடுத்து, வேரைக் கலைக்காமல், எலும்புத் தூள் கலந்த மேல் மண்ணை மெல்ல உதிர்த்துவிட்டு, மேற்சொன்ன கலவையில் மாற்றுங்கள். மார்ச் மாதமே இதற்குத் தருணம். வெயில் ஏறிய பின் செய்ய வேண்டாம். உரக்கடையில் கிடைக்கும் செலேட் இரும்பை, உறையில் குறித்த அளவுப்படி கரைத்து மாலையில் இலைமீது தெளியுங்கள். இனி மென்னீரே ஊற்றுங்கள். மூன்று நான்கு வாரத்தில் புதுத் தளிர் பச்சையாக வந்தால் மருந்து பிடித்தது என்று அறியலாம்.

ஆனால் வெளுப்புத் தீர்வது வேறு, தில்லிக் கோடை தாண்டுவது வேறு. குளிரைப் பற்றிக் கவலையில்லை. தில்லியின் ஜனவரி அதற்குப் போதுமானது. மே, ஜூன் மாதங்களில் நாற்பது டிகிரிக்கு மேல் அனற்காற்று வீசும்போது, நிழலும் நீரும் இருந்தும் இச்செடி தப்புவது மிக அரிது. ஒளிக்காமல் சொல்லுமாறு கேட்டீர்கள், ஆகவே சொல்கிறேன். ஏப்ரலுக்குள் மலைக்குச் செல்லும் நம்பிக்கையான ஒருவர் கிடைத்தால், அவரிடம் கொடுத்து அந்தப் பாட்டியாரிடமே சேர்ப்பித்துவிடுங்கள். தரையில் இறங்கினால் அச்செடி ஐம்பது ஆண்டும் நிற்கக் கூடும். எவரும் கிடைக்காவிட்டால், வடக்குப் பார்த்த சுவரோரம், ஈரச் சாக்குத் தட்டி கட்டி, தொட்டியை மணல் நிரப்பிய பெரிய தொட்டிக்குள் இறக்கி, மணலை நனைத்து வைத்து முயன்று பாருங்கள். முயற்சியில் குற்றமில்லை, முடிவை மட்டும் முன்பே அறிந்திருங்கள்.

மாற்றல் உத்தரவு வரும்போது தட்டுமுட்டுச் சாமான்களோடு செடியையும் கட்டிக்கொண்டு புறப்படுவது நம் குடும்பங்களின் வழக்கம். துளசியும் கற்றாழையும் எங்கே போனாலும் வேர்கொள்ளும். அவற்றை எடுத்துச் செல்லலாம். மலையிலிருந்து இன்னொரு மலைக்கு மாற்றலானால் அசேலியாவையும் எடுத்துச் செல்லலாம். சமவெளிக்கு இறங்குவதானால், அதை அதன் மண்ணிலேயே, அதை அறிந்த ஒரு கையில் ஒப்படைத்து வருவதுதான் செடிக்குச் செய்யும் நன்மை. அடுத்து அவ்வீட்டுக்கு வரும் குடும்பத்துக்கு அது பூக்கும்.

மலையில் உள்ளவர்கள் மற்றொன்றும் செய்யலாம். ஜூன், ஜூலை மாதங்களில், பாதி முற்றிய கிளையின் நுனியில் மூன்று அங்குலம் வெட்டி, கீழ் இலைகளைக் களைந்து, மணலும் நார்த்தூளும் சமமாகக் கலந்த சட்டியில் ஊன்றி, கண்ணாடித்தாள் பையால் மூடி நிழலில் வையுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர் விடும். ஒன்றுக்குப் பத்தாக ஊன்றி, அண்டை அயலாருக்கு இப்போதே கொடுத்து வையுங்கள். உத்தரவு எப்போது வரும் என்று நம்மில் யாருக்கும் தெரியாதன்றோ!

அடுத்த இதழில்: வடநாட்டுக் குளிரில் கறிவேப்பிலைக் கன்றைக் காப்பது எப்படி? நேயர்கள் தத்தம் அனுபவங்களை இம்மாத இறுதிக்குள் எழுதி அனுப்பினால், அவற்றையும் சேர்த்துக்கொள்ள வசதியாக இருக்கும்.